அம்மன் முன்னால் கட்டிய தாலி

புதிதாக மேடை ஏறப் போகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வசனம் மறந்துபோனால் என்னம்மா செய்வது? இதற்கா இவ்வளவு பயம் என்று எனக்குச் சிரிப்புத்தான் வரும். வசனம் மறந்தால் இருமலாம். தண்ணீர் கேட்கலாம். எதிரில் நிற்கிறவனை ஓர் அறை அறைந்துவிட்டு, அவன் திகைத்து நிற்கிற நேரத்தில் யோசித்துக்கொள்ளலாம். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். ஆனால் பார்க்கிறவர்கள் நம்மை ஒரேயடியாக நம்பிவிட்டால் என்ன செய்வது என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நம்பாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். நம்பிவிட்டால்தான் நம் பாடு திண்டாட்டம். ஏற்காட்டு மலையில் எனக்கு அது நடந்தது. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அந்தக் காலத்தில் ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போடுவது இளவட்டங்களின் வேலை. கதாநாயகன், வில்லன், போலீஸ், காமெடியன் எல்லாம் உள்ளூர்ப் பையன்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் சேலத்திலிருந்து என்னைப் போன்ற தொழில் நடிகைகளை அழைப்பார்கள். காலையில் போய் இறங்குவோம், ஒரே ஒரு ஒத்திகை, உடனே மேடை. கதை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏழைக் கதாநாயகன், பணக்கார வில்லன், நடுவில் நான். போஸ்டரில் எனக்கு இருபது வயது. நிஜத்தில் முப்பதைத் தாண்டியிருந்தேன்.

கல்யாணம் ஆகவில்லை. நாடகக்காரி என்றால் சேலத்தில் வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு, இதில் பெண் கேட்டு யார் வருவார்கள்? மேடையில் நான் கழுத்தை நீட்டியதற்குக் கணக்கு வழக்கில்லை, அதுவே போதும் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொல்வேன். சிரிக்காமல் சொல்ல வராது.

நாகலூர் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். சேலத்தில் பஸ் ஏறி, ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி டீ குடித்து, நாகலூர் பஸ்ஸைப் பிடித்து, அதற்கு மேல் நடை. என்னோடு ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் வந்தார். எங்கள் பேச்சில் அவர் பெட்டிக்காரர். எனக்குப் பாட்டையும் தொழிலையும் கற்றுக்கொடுத்த மனிதர். அவருக்கு ஒரு பழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் பெட்டியைக் கீழே வைப்பார். மலையில் நாடகம் பகலில்தான் நடக்கும். ராத்திரிக் குளிரில் யார் உட்காருவார்கள்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி, பொழுது சாய்வதற்குள் மங்களம் பாடிவிட வேண்டும்.

மேடை மாரியம்மன் கோயிலுக்கு நேர் எதிரே. கோயில் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். நாடகம் முதலில் அம்மனுக்கு, அப்புறம்தான் ஊருக்கு. மேடைக்கும் கோயில் வாசலுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மன் பார்வைக்குக் குறுக்கே யாரும் வரக் கூடாதாம். அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எதைப் புதிதாக வாங்கினாலும் செய்தாலும் அம்மன் காலடியில் வைத்து எடுத்துத்தான் புழங்குவார்கள். புது அரிவாள், விதைச் சாமை, யாராவது வாங்கிய சைக்கிள், எல்லாம் அப்படித்தான். அந்த வருஷம் நாடகச் சாமான்களையும் வைத்து எடுத்திருந்தார்கள். வில்லனின் பொம்மைத் துப்பாக்கிக்குக் குங்குமப் பொட்டு. அட்டையில் செய்த டெலிபோனுக்குச் சந்தனமும் பொட்டும். அதைப் பார்த்து அண்ணனும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுத்த மூன்று மணி நேரத்தில் அந்தச் சிரிப்புக்கு நன்றாக அனுபவித்தேன்.

கதாநாயகன் பெயர் முருகேசன். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயவைக்கிற களத்தில் வேலை. நல்ல பையன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் அவனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. காப்பி எடுப்பு முடிந்து மாசியில் கல்யாணம். அந்தப் பெண் செல்வி, மாப்பிள்ளை நடிப்பதைப் பார்க்க அப்பாவோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முருகேசனின் அம்மா காளியம்மா, வரப்போகிற மருமகள் மடியில் முறுக்கும் கடலையுமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் தாலிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. கில்ட் தாலி, பின்னால் ஒரு கொக்கி. முடிச்சே கிடையாது. கட்டுவது போல் மாட்டிவிட்டு, காட்சி முடிந்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடலாம். ஒத்திகையில் முருகேசனுக்கு அதைத்தான் மாட்டப் பழக்கியிருந்தேன்.

கல்யாணக் காட்சி வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். முருகேசன் தட்டிலிருந்து எடுத்தது என் கொக்கித் தாலி இல்லை. ஈரம் காயாத மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு.

“இது எங்கிருந்து வந்துச்சு?” என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன்.

“அம்மன் காலடியில வெச்சு எடுத்தாந்தமுங்க்கா. நெசக் கயிறா இருந்தா நொம்ப நல்லா இருக்குமுன்னு பசங்க சொன்னாங்க” என்றான். பயத்தில் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

“கழுத்தச் சுத்திப் புடிச்சுட்டு விட்டுரு. முடிச்சுப் போடாத.”

தலையை ஆட்டினான். ஆட்டி என்ன பயன்? திருவிழாவுக்கு வந்த மேளக்காரர்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலியை ஏந்திய கையைக் கண்டதும் தொழில் பழக்கத்தில் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். ஊரே எழுந்தது. அம்மனுக்குப் போட வைத்திருந்த பூவும் பொரியும் எங்கள் தலையில் வந்து விழுந்தன. அந்தச் சத்தத்தில் எந்த ஆம்பளையின் கை சும்மா இருக்கும்? ஒன்று, இரண்டு, மூன்று என்று என் பிடரியில் முடிச்சு இறுகுவதை உணர்ந்தேன்.

மேளம் நின்றது. கூட்டத்தில் ஒரு பெண் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“ஏனுங்க, நெசமாலுமே மூணு முடிச்சும் போட்டுட்டானுங்க!”

திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் முதலில் வந்தவர் ஊர்க்கவுண்டர். ஊரில் நல்லது கெட்டதுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது சுலபம்.

“தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. கயிறு அம்மன் காலடிக் கயிறு. அவ கண்ணு முன்னால மேளம் கொட்டி, ஊரே பூப்போட்டு, முடிச்சு விழுந்திருக்குதுங்க. இத வெளையாட்டுன்னு நான் சொல்லிப்போட்டா, நாளைக்கு இந்த ஊர்ல எந்தத் தாலிக்கு என்னங்க மதிப்பு?”

“இவ்வளவுதானுங்களே, அவுத்துடறேன்” என்று பிடரிக்குக் கையைக் கொண்டுபோனேன். காளியம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயோ சாமி, அதுல கை வெக்காத! தாலிய அவுத்தா எம் பையன் உசுருக்கு ஆவாது!”

பிள்ளைகளே, நான் நின்ற நிலைமையைப் பாருங்கள். தாலி கழுத்தில் இருந்தால் நான் முருகேசனின் பெண்டாட்டி. கழற்றினால் அவன் செத்ததற்குச் சமம். செல்வியின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார்.

“எம் பொண்ண ரெண்டாந்தாரமாக் குடுக்க மாட்டனுங்க. நாங்க பொறப்படறோம்” என்றார். முருகேசன் பாதி பிய்ந்த ஒட்டுமீசையோடு அழுதுகொண்டிருந்தான். ஒருவருக்கும் ஒருவர் மேல் கோபமில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அண்ணன் என் காதருகே வந்தார். “பெட்டியக் கட்டியாச்சு. பஸ்ஸுக்கு நேரமிருக்குது. கீழ போயிக் கயித்தக் கழட்டிப்போட்டா யாருக்குத் தெரியும்?”

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. கீழே போய்ச் சேர்ந்தால் என் பாடு முடிந்தது. ஆனால் மலைமேல் அந்தத் தாலி என் கழுத்திலேயே இருப்பதாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கும். செல்வி தலையில் பூ வைக்க யாரும் வர மாட்டார்கள். முருகேசன் எங்கோ ஒரு பெண்டாட்டி இருக்கிற ஒண்டிக்கட்டையாகக் காப்பிக் களத்தில் காலத்தைக் கழிப்பான்.

அதற்குள் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. என் தலைமுடி நனைந்து முகத்தில் அரிதாரம் வழிந்தது. காளியம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் முந்தானையால் என் தலையைத் துவட்டிவிட்டு, போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து என் தோளில் போட்டார்.

“பயப்படாத கண்ணு. நீ யாரு, எந்த ஊருன்னு நாங்க கேக்கல. முடிச்சு விழுந்துருச்சு, இனி நீ எங்க ஊட்டுப் புள்ள. காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டியா, இல்லையா?”

மகன் வாழ்க்கை கோணலாகிப்போன நேரத்தில் அந்த அம்மா என்னைக் கேட்டது இதை. மேடையில் எனக்கு எத்தனையோ மாமியார்கள். காட்சி முடிந்தபின் சாப்பிட்டாயா என்று ஒருத்தியும் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன். கிளிசரின் இல்லாமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதேன். சரி என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தப் பையனுக்காக இல்லை. அந்தக் கம்பளிக்குள் அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் செல்வி வந்தாள். அப்பாவின் கையை விடுவித்துக்கொண்டு, பெரியவர்களைத் தாண்டி, நேரே என் முன்னால் வந்து நின்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

“அக்கா, கதையில இதுக்கு அப்புறம் என்னங்க வருது?”

எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

“பாதிதானுங்களே ஆயிருக்குது. நாடகம் இன்னும் முடியலீங்களே” என்றாள்.

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. நாங்கள் எல்லோரும் திரைக்குப் பின்னால் நின்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் மட்டும் நாடகத்தில் இருந்தாள். அடுத்த காட்சியில் வில்லனின் ஆட்கள் கதாநாயகனை அடித்துப் போடுகிறார்கள். அவன் பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, நான் அம்மனை நோக்கிப் பாட, அவன் கண் திறக்கிறான். எந்த ஊர் நாடகத்திலும் இருக்கிற காட்சிதான். அதற்குள் எனக்கு வேண்டிய வழி இருந்தது.

“ஐயா, பாதி நாடகத்துல தீர்ப்புச் சொல்லாதீங்க. அம்மன் கதவு தெறந்துதானே இருக்குது? மீதியையும் அவ பாக்கட்டுங்க” என்றேன்.

ஊர்க்கவுண்டர் திரையை விலக்கிக் கோயிலைப் பார்த்தார். “அதுவுஞ் செரிதான்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். செல்வி அப்பாவை இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். என் யோசனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆளுக்கொரு அபிப்பிராயம் வந்திருக்கும், பஸ்ஸும் போயிருக்கும். முருகேசனிடம், “நான் எழுப்புற வரைக்கும் கண்ணத் தொறக்காத” என்றேன். அண்ணனிடம், “என்ன நடந்தாலும் வாசிப்ப நிறுத்தாதீங்க” என்றேன். அவர் முனகிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார்.

திரை விலகியது. முருகேசன் கட்டிலில் கிடந்தான். வழக்கமான பாட்டைப் பாடினேன். கடைசி அடியை நின்ற இடத்திலேயே பாட வேண்டியவள், மேடையை விட்டு இறங்கிவிட்டேன். யாரும் கால் வைக்காத அந்த நடுப்பாதையில், அம்மன் பார்வைக்கு நேராக நடந்தேன். பனியில் யார் முகமும் எனக்குத் தெரியவில்லை, கோயில் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

புருஷன் பிழைக்கத் தாலியைக் காணிக்கையாகத் தருகிறேன் என்று வேண்டிக்கொள்கிற பெண்களை உங்களுக்குத் தெரியும். அப்படிக் கழற்றுகிற தாலியில் எந்த அமங்கலமும் இல்லை. அது சாவுக்காகக் கழற்றுவது இல்லை, உயிருக்காகக் கழற்றுவது. வாசற்படியில் நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

“தாயே, நீ கொடுத்த கயிறு இது. அங்கே கிடக்கிற உயிர் பிழைக்க வேண்டும். அதற்கு ஈடாக இந்தத் தாலியை உனக்கே தருகிறேன். எனக்கு அவர் புருஷனாக வேண்டாம். கூடப் பிறந்தவனாகத் திருப்பிக் கொடு!”

பிடரியில் கை வைத்தேன். முடிச்சு அவிழவில்லை. ஈரக் கயிறு, விறைத்துப்போன விரல். பின்னால் அண்ணன் அதே இரண்டு கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பல்லால் கடித்து அறுக்கலாமா என்று நினைத்தேன், அறுத்தால் எல்லாம் கெட்டது. நல்லவேளை, பயந்த கை தளர்வாகத்தான் கட்டியிருந்தது. முடிச்சைத் தொடாமல் தலை வழியாகக் கழற்றிவிட்டேன்.

உள்ளே நின்ற பூசாரி நாடகத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவர். வாசலில் ஒரு பெண் இரண்டு கையையும் நீட்டினால் தட்டை நீட்டுவதுதான் அவருக்குப் பழக்கம். நீட்டினார். தாலியை வைத்தேன். அவர் அதைக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, திருநீற்றோடு திரும்பிவந்தார். மேளக்காரர்களின் பழக்கம் கட்டிப்போட்டதைப் பூசாரியின் பழக்கம் விடுவித்துக் கொடுத்தது.

மேடைக்குத் திரும்பி முருகேசன் நெற்றியில் திருநீறு பூசி, “தம்பி, எந்திரி சாமி” என்றேன்.

எழுந்திருக்கவில்லை. ஒத்திகையில் “அத்தான்” என்று கூப்பிட்டால்தான் அவன் கண் திறக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை, தம்பியை எல்லாம் காதில் வாங்காமல் அத்தானுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தான். கூட்டத்தில் சலசலப்பு. காளியம்மா எழுந்து மேடைப் பக்கம் ஓடிவருவது தெரிந்தது. போர்வைக்கு அடியில் அவன் தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன்.

கண்ணைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்தான். காலியான என் கழுத்தைப் பார்த்தான். அவன் சொல்ல வேண்டிய வசனம் “கண்ணே, நீயா என்னைக் காப்பாற்றினாய்” என்பது. அவன் அதைச் சொல்லவில்லை.

“அக்கா” என்றான்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பெண்கள் குலவை போட்டார்கள். ஊர்க்கவுண்டர் எழுந்து கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு செல்வியின் அப்பாவிடம் திரும்பினார்.

“அம்மன் தட்டு நீட்டி வாங்கிக்கிட்டாளுங்க. அதுக்கு மேல நாம யாருங்க?” என்றார். செல்வியின் அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஊர்க்கவுண்டர் எங்களைப் பார்த்து, “மீதிய வெரசா ஆடுங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார். அண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

மீதி நாடகம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கதை எழுதிய பையன் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வில்லன் பழைய பாடத்தையே ஒப்பித்து, “உன் மனைவியைக் கடத்துவேன்” என்று கர்ஜித்தபோது, “அக்காடா! அக்கா!” என்று ஊரே சேர்ந்து திருத்தியது. காளியம்மாவின் கம்பளி மட்டும் என் தோளிலேயே இருந்தது, திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

பிள்ளைகளே, அந்த ஊர்க்காரர்களை வெள்ளந்திகள் என்று சொல்லி யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். நாடகம் பொய் என்று அவர்களுக்குத் தெரியாதா? அட்டை டெலிபோனைச் செய்ததே அவர்கள்தானே. ஆனால் அத்தனை பேர் கூடி, ஒரு தெய்வத்தை உட்காரவைத்து, ஒன்றைப் பார்த்தால் அதற்கு ஒரு பலன் உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அன்றிலிருந்து அப்படித்தான் நினைக்கிறேன். மேடையில் ஒன்று தப்பாகிப்போனால் பின்கட்டில் போய் நாடகம்தானே என்று சமாதானம் சொல்லாதீர்கள். திரும்ப மேடைக்கே போங்கள். அதே கண்களுக்கு முன்னால் சரிசெய்யுங்கள். அதற்கு வழி தெரியாவிட்டால், செல்வி மாதிரி அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.

மாசியில் கல்யாணம். முருகேசனே சேலம் வந்து தாம்பூலம் வைத்து அழைத்தான். கல்யாண வீடுகளில் நான் பாடியிருக்கிறேன், ஆடியிருக்கிறேன், பின்வாசலில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அழைக்கப்பட்டுப் போனது அதுதான் முதல். எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். வெள்ளக்கடையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருவர் காளியம்மாவிடம், “இது ஆருங்க?” என்று கேட்டார்.

“எம் மக. நாடகத்துல கெடச்சா” என்றார் காளியம்மா, சமையல் கரண்டியைக் கையிலிருந்து இறக்காமல்.

தாலி கட்டி முடிந்ததும் செல்வியின் அப்பா ஒரு தட்டோடு என்னைத் தேடி வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு சேலை. “மாப்பிள்ளைக்கு அக்கா இருந்தா நாங்க சீல வெக்கோணுமுங்க. அது எங்க மொற” என்றார். பச்சை நூல்சேலை, அரக்குக் கரை. மணவறையிலிருந்து செல்வி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

எங்களைப் போன்றவர்களுக்கு வீட்டுச் சேலை, மேடைச் சேலை என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வசதி ஏது? என்னிடம் இருந்த அத்தனை சேலையும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாரோ ஒருத்தியின் வேஷத்துக்குப் போயிருக்கிறது. அந்தப் பச்சைச் சேலையை மட்டும் நான் எந்த மேடையிலும் கட்டியதில்லை.